அவள் காதில் வைத்த பஞ்சு

நல்ல நாற்காலி போட்டிருக்கிறீர்கள். முதுகு பொருந்தி உட்கார முடிகிறது. விசாரணைக்கு வருகிறவனுக்கு ஆடுகிற ஸ்டூல்தான் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். இப்போதெல்லாம் எங்கே போனாலும் முதலில் நாற்காலியைத்தான் பார்க்கிறேன். வீட்டில் ஒருத்தி நாள் முழுக்கச் சக்கர நாற்காலியிலேயே இருக்கிறாள், அதனால் வந்த பழக்கம்.

உங்கள் பளுதூக்கும் சங்கத்தின் அறிக்கையைப் படித்தேன். காயம் இருப்பது தெரிந்தும், பயிற்சியாளர் தடுத்தும், வீராங்கனை பிடிவாதமாக உலகப் போட்டியில் மேடையேறினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி தப்பு. அதைத் திருத்தச் சொல்லத்தான் வந்தேன். அந்தப் பயிற்சியாளர் நான். அந்த வீராங்கனை என் கூடப்பிறந்த தங்கை.

அவளை வீட்டில் எறும்பு என்றுதான் கூப்பிடுவோம். சின்ன உருவம். பள்ளிக்கூட நாளிலேயே அரிசி மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறுவாள். அப்போது பளு தூக்கியவன் நான். கம்பியில் மாட்டுகிற எடை பிளேட்டுகளை அவள் எனக்கு எடுத்துக் கொடுப்பாள். என் முழங்கால் போன பிறகு கம்பி அவள் கைக்குப் போனது, பிளேட் மாட்டுகிற வேலை எனக்கு வந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அவளுக்கு ஒரு பயம் இருந்தது. எத்தனை கிலோ என்று தெரிந்தால் தூக்க வராது. தொண்ணூறைத் தூக்குகிறவள், நூறு என்று காதில் விழுந்தால் எண்பதைக்கூடத் தூக்க மாட்டாள். அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அவள் கம்பியைப் பார்க்கக்கூடாது, என் முகத்தை மட்டும் பார்க்க வேண்டும். எடையை நான் சொல்வேன், எப்போதும் குறைத்துச் சொல்வேன். தூக்கி முடித்ததும் உண்மையைச் சொல்வேன். "அடப்பாவி அண்ணா" என்று முதுகில் ஓங்கி ஒன்று வைப்பாள். அம்மா சிரித்துக்கொண்டே, "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்பாங்க. நீ ஒரு பொய்யில ஒரு பதக்கம் வாங்கிடுற" என்பாள். போட்டி மேடையில் எடையை ஒலிபெருக்கியில் அறிவிப்பார்களே, அதற்காக அவள் காதுகளில் பஞ்சு வைத்து அனுப்புவேன். பஞ்சை நானே உருட்டுவேன். வேறு யார் உருட்டினாலும் அவளுக்குச் சரிப்படாது.

உலகப் போட்டிக்குக் கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் இடுப்பு வலிக்கிறது என்றாள். தெரிந்த எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தோம். அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டர் என்னிடம் படத்தைக் காட்டினார்.

"முதுகெலும்பு டிஸ்க் நரம்புல முட்டிக்கிட்டு நிக்குது சார். இந்தப் போட்டியை விட்டுடச் சொல்லுங்க. உச்ச எடைக்குப் போனா அப்புறம் காலுக்கு யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. நானே அவங்ககிட்ட சொல்லட்டுமா?"

"வேணாம் டாக்டர். நான் பக்குவமா சொல்லிக்கிறேன்" என்றேன்.

பக்குவமாகத்தான் சொன்னேன். தசைப்பிடிப்பு, தைலம் தேய்த்தால் போய்விடும் என்றேன். அன்றிலிருந்து நானே தேய்த்துவிட்டேன். அண்ணன் தேய்த்தால் வலி பறந்துவிடுகிறது என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னாள்.

பெட்டி கட்டும்போதுதான் அவள் அந்தப் பேச்சை எடுத்தாள். "இந்தப் போட்டியோட நிறுத்திக்கிறேண்ணா. நீச்சல் கத்துக்கணும்னு ஆசையா இருக்கு. தண்ணிக்குள்ள எதுக்கும் எடையே இருக்காதாமே." நான் சிரித்தேன். நல்ல ஆசைதான் என்று சொல்லி, அவளுடைய இடுப்புப் பட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

போட்டியில் மூன்று வாய்ப்புகளில் இரண்டாவதிலேயே வெண்கலத்துக்கான இடம் அவளுக்குக் கிடைத்துவிட்டது. மேடைக்குப் பின்னால் இருக்கும் அறைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. காதிலிருந்த பஞ்சை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இடுப்புல சுருக்குன்னுச்சுண்ணா. வலது கால் மரத்துப்போன மாதிரி இருக்கு. போதும்ணா. மூணாவதை விட்டுடலாம்."

"சரிம்மா. நீ உட்காரு. நான் போய்ச் சொல்லிட்டு வரேன்."

போட்டி விதி உங்களுக்குத் தெரியாததில்லை. மூன்றாவது வாய்ப்பு வேண்டாம் என்று அதிகாரியின் மேஜையில் பயிற்சியாளர் சொன்னால் அத்தோடு முடிந்தது. அதைச் சொல்லத்தான் எழுந்து போனேன், நம்புங்கள். மேஜைக்குப் போனதும் எடையைக் கூட்டிக் கேட்டேன். தங்கத்துக்குத் தேவையான எடை அது, அவள் வாழ்நாளில் தொட்டிராத எடை. குறைந்த எடை கேட்டவர்கள் முதலில் தூக்க வேண்டும் என்பதால், எடையைக் கூட்டினால் நம் முறை தள்ளிப்போகும். ஆகவே அவளுக்குக் கூடுதலாக ஓய்வு கிடைக்கும் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது.

திரும்பி வந்து, "இப்ப தூக்குனதைவிட ஒரு கிலோதான் கூட. சும்மா பேருக்கு ஒரு தூக்கு. முடிச்சுட்டு வீட்டுக்குப் போயிடலாம்" என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு காதைக் காட்டினாள். நான் புதுப் பஞ்சு உருட்டி வைத்தேன்.

கம்பியைப் பிடித்து இழுத்த கணத்திலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும். காதை ஏமாற்றலாம், கையை எப்படி ஏமாற்றுவது? அங்கேயே விட்டிருக்கலாம். அண்ணன் ஒரு கிலோ என்று சொன்னானே, அதனால் விடவில்லை. தோள்வரை கொண்டுவந்துவிட்டாள். அங்கிருந்து எழும்போது இடுப்பு மடிந்தது. கம்பி முன்னால் விழுந்து உருண்டது, அவள் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போனபோது தன் தொடையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, கால் இருக்கா பாருண்ணா."

இருந்தது. இன்றும் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே உணர்வு மட்டும் திரும்பவில்லை.

தூக்கிக்கொண்டு போகும்போது மேடைப் பலகையில் எடையைப் பார்த்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்ததும் அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். "நான்தான் சரியா நிக்கலண்ணா. உன் தங்கத்தைக் கெடுத்துட்டேன்." அவள் கையைத் தடவிக்கொடுத்து, பரவாயில்லை என்றேன். ஐயா, நான் அவளை மன்னித்தேன். இதுவரை சொன்னதெல்லாவற்றையும்விட இதைச் சொல்லத்தான் எனக்கு நா கூசுகிறது.

ஊர் திரும்பிய பிறகு அந்த எலும்பு டாக்டர் வந்து பார்த்தபோது, நான் எவ்வளவோ சொல்லியும் அவள் கேட்கவில்லை என்று தனியாக அவரிடம் சொன்னேன். அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார், நீங்கள் எழுதிவிட்டீர்கள். அக்கம்பக்கத்தார் இப்படி ஓர் அண்ணன் யாருக்குக் கிடைப்பான் என்கிறார்கள். அம்மாவோ என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் இல்லன்னா இவ கதி என்னப்பா ஆகும்?" என்று அழுகிறாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுப்பது நெஞ்சில் இல்லை, விரல் நுனியில். பஞ்சைக் கண்டாலே தானாக உருட்டத் தொடங்கிவிடுகிறது.

தங்கத்துக்கு ஆசைப்பட்டு அறிவிழந்தான் என்று எழுதிவிடாதீர்கள். அன்று நான் நல்ல தெளிவோடுதான் இருந்தேன். டாக்டர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் ஞாபகத்தில் இருந்தது. எனக்கு முழங்கால் போனபோது போதும் என்று சொல்லும் வாய்ப்பை யாரும் தரவில்லை. அவளோ இரண்டு காலில் நின்றுகொண்டு, வெண்கலத்தை வாங்கிக்கொண்டு, போதும் என்கிறாள். நீச்சல் கற்றுக்கொள்ளப் போகிறாளாம். அவள் போய்விட்டால் நான் யாருக்கு பிளேட் மாட்டுவது? அந்த மேஜைக்கு முன்னால் நின்றபோது எனக்குள் ஓடியது அவ்வளவுதான். தெரிந்தே செய்தேன். என் தங்கையின் காலை நான்தான் எடுத்தேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது. அவளுடைய கைப் பயிற்சிக்கு நேரமாகிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே டம்பெல் தூக்குகிறாள், நான்தான் எடை மாட்டிக் கொடுக்கிறேன். நேற்று தோளைப் பிடித்துக்கொண்டு, "எவ்ளோண்ணா இது? கை வலிக்குது, போதும்ணா" என்றாள்.

"பத்து கிலோதாம்மா. இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றேன்.

பதினைந்து மாட்டியிருந்தேன். அவள் நல்லதுக்குத்தான்.