புகை விடாத வண்டி

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது வண்டியை அன்று. விற்பவருடைய வீட்டு வாசலில் காலணிகள் எப்படி விடப்பட்டிருக்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். நுனி வெளியே பார்க்க, ஜோடி ஜோடியாக அவை நின்றால், அந்த மனிதர் தம் வண்டியின் சங்கிலிக்கும் வேளை தவறாமல் எண்ணெய் இட்டிருப்பார். எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். ஒகிமுராவுக்கும் சொன்னேன். அவர் தம் சலூன் வாசலில் கவிழ்ந்து கிடந்த தம் செருப்புகளை எட்டிப் பார்த்துவிட்டு, “அப்ப என் வண்டிய எவனும் வாங்க மாட்டான், தலைவரே” என்றார்.

காவல் ஆய்வாளர் அவர்களே, உள்நாட்டு வண்டி இருக்க வெளிநாட்டு வண்டியை அவருக்கு ஏன் பரிந்துரைத்தீர்கள் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நியாயமான விடையையே தருகிறேன்.

காட்டுப்பாதையில் ஓட்டும் டூ-ஸ்ட்ரோக் வண்டிகளை நம் நாட்டு நிறுவனங்கள் செய்து நெடுநாள் ஆகிறது. புகைக் கட்டுப்பாடு வந்தது, உற்பத்தி நின்றது. இன்று சந்தையில் இருப்பவை எல்லாம் முதுமை எய்தியவை. அவை நல்ல வண்டிகள், பொறுமையுள்ள வண்டிகள். எண்ணெய்க்கெனத் தனிப் பெட்டி ஒன்று இருக்கும். அதிலிருந்து ஒரு சிறு பம்பு வேண்டிய எண்ணெயைத் தானே இன்ஜினுக்கு அனுப்பிவிடும். ஓட்டுபவர் பெட்ரோல் போட்டால் போதும். நம் பொறியாளர்கள், ஓட்டுபவர் மறதிக்காரர் என்று எண்ணி வண்டி செய்தார்கள்.

ஐரோப்பாவிலிருந்து வரும் வண்டிகள் அப்படியல்ல. எடை குறைவு, இழுவை அதிகம், உதிரி பாகம் இன்றும் கிடைக்கும். ஆனால் அவருக்கு நான் வாங்கித் தந்ததைப் போன்ற பந்தய வண்டிகளில் எண்ணெய்ப் பெட்டி இல்லை, பம்பும் இல்லை. பெட்ரோலிலேயே எண்ணெயை அளந்து கலந்து ஊற்ற வேண்டும். வெறும் பெட்ரோலை ஊற்றினால் சிறிது தூரம் ஓடும்; பிறகு உள்ளே பிஸ்டன் காய்ந்து பிடித்துக்கொள்ளும்; பின்சக்கரம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அங்குள்ள பொறியாளர்கள், ஓட்டுபவர் அறிவுடையவர் என்று எண்ணி வண்டி செய்கிறார்கள். அந்த மதிப்பை நான் போற்றுகிறேன்.

இந்த ஒரு வேறுபாட்டைத் தவிர, மற்ற எல்லாவற்றையும் ஒகிமுராவுக்கு விளக்கினேன்.

நீங்கள் மாவட்டத் தலைநகரிலிருந்து வந்தவர். மித்தானே காட்டுச் சாலையின் வரலாற்றை நீங்கள் அறிந்திருக்க நியாயமில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் அதன் வாயிலில் மோட்டார் சைக்கிள்களுக்கு அனுமதி இல்லை என்ற பலகை தொங்கியது. அந்தப் பலகையை எதிர்த்து, ஹிராகுரி என்ற இந்த நான் துண்டறிக்கை அச்சிட்டேன். ஊர் மன்றத்தின் மேடை ஏறினேன். சாலை என்பது பூட்டி வைத்தவனுக்கு உரியதன்று, பழுது பார்ப்பவனுக்கே உரியது என்று முழங்கினேன். முழங்கியதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் எங்கள் மோட்டார் சைக்கிள் சங்கத்தார் விழுந்த தேவதாரு மரங்களை அறுத்தோம். அடைபட்ட வடிகால்களைத் தோண்டினோம். மண் சரிந்த இடங்களில் கல் அடுக்கினோம். மன்றம் இறங்கி வந்தது. சங்கிலிக் கதவின் சாவியைச் சங்கத் தலைவரிடம் ஒப்படைத்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று: அச்சாலையில் ஓர் உயிர் போனால் சாவி திரும்ப வேண்டும், சாலை நிரந்தரமாக மூடப்படும். அந்தச் சாவி அன்று முதல் என் கழுத்தில் கிடந்தது.

ஒவ்வொரு வசந்தகாலக் கூட்டத்திலும் நான் எழுந்து, எனக்கு வயதாகிவிட்டது, தலைமையை இளையவர் ஒருவரிடம் ஒப்படைக்க விரும்புகிறேன் என்று கூறுவேன். “அதெல்லாம் ஆகாது, நீங்களே இருங்க” என்று அனைவரும் ஒரே குரலில் சொல்வார்கள். நான் மறுப்பேன். அவர்கள் வற்புறுத்துவார்கள். பிறகு கிண்ணங்களில் சாக்கே மது ஊற்றப்படும். எங்கள் பக்கத்துச் சங்கங்கள் எல்லாவற்றிலும் இதுவே முறை.

ஒகிமுரா ஒசாகாக்காரர். மனைவியின் ஊர் என்பதால் இங்கு வந்து சலூன் வைத்தவர். கலகலப்பானவர். என் தலையில் முடி கொட்டிப்போன பிறகும், “வெட்டறதுக்கு ஒண்ணுமில்ல தலைவரே, இருந்தாலும் மரியாதைக்குக் கத்தரிய ஆட்டிக்கிறேன்” என்பார். சங்கத்தார் அனைவருக்கும் அவரைப் பிடிக்கும். கடந்த வசந்தத்தில் நான் வழக்கம்போல் எழுந்து வழக்கம்போல் சொன்னேன். அவர் அதை அப்படியே நம்பிவிட்டார்.

“பாவம் தலைவரே, இத்தன வருசமா யாருமே உங்கள விடலயா? இவனுங்களுக்கு ஈவு இரக்கமே கிடையாது போல. குடுங்க, நான் சுமக்கறேன். நீங்க இனிமே கவலையில்லாம வண்டி ஓட்டுங்க.”

எல்லாரும் தத்தம் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மரம் அறுக்கும் கிதோ கை தட்டினார். அவர் என்னோடு முதல் நாளிலிருந்து நின்றவர். அவர் தட்டியதும் மற்றவர்கள் தட்டினார்கள். நானும் தட்டினேன். சாவியைக் கழற்றிக் கொடுத்தபோது ஒகிமுரா இரு கைகளாலும் வாங்கி, இடுப்பு வளைய வணங்கினார். அதன் பிறகும் என்னைத் தலைவரே என்று அழைப்பதை அவர் நிறுத்தவில்லை.

நான் அவரை வெறுக்கவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். என் கவலை சாலையைப் பற்றியது. எதையும் தாமாகக் கற்காதவர் அவர். வண்டியோடு வரும் கையேட்டைப் பிரித்துப் பார்க்க மாட்டார். பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார், சொன்னதை நம்புவார். அறியாமையின் கையில் தலைமை இருக்கலாகாது என்று வாழ்நாள் முழுதும் பேசியவன் நான். அறியாமை என்றாவது ஒரு நாள் தன்னைத் தானே வெளிப்படுத்திக்கொள்ளும். அதற்குக் குறுக்கே நிற்காமல் இருப்பதும் ஒரு தொண்டு என்று எனக்குத் தோன்றியது.

கோடையில் அவருடைய பழைய உள்நாட்டு வண்டியின் கியர்ப்பெட்டி உடைந்தது. உதிரி பாகம் எங்கும் கிடைக்கவில்லை. என் பிடரியைச் சவரம் செய்துகொண்டே அறிவுரை கேட்டார்.

“உள்நாடா, வெளிநாடா? நீங்களே சொல்லிடுங்க தலைவரே. வெளிநாட்டு வண்டி வாங்குனா மெக்கானிக்கையும் சேத்துக் கட்டிக்கணும்னு எம்பொண்டாட்டி சொல்றா.”

“உள்நாட்டு வண்டி மறுபடியும் உடையும். மறுபடியும் சாமான் கிடைக்காது. வெளிநாட்டு வண்டியே வாங்கு.”

“அதுல ஆயில் எங்க ஊத்தணும்? சீட்டுக்கு அடியிலயா?”

“அத நான் பாத்துக்கறேன்.”

“அப்ப சரி. நீங்க பாத்துக்கிட்டா சாமியே பாத்துக்கிட்ட மாதிரி.”

அப்போது அவருடைய கத்தி என் கழுத்தில் இருந்தது. மிக நிதானமான கை அவருக்கு. ஒரு கீறல்கூட விழவில்லை.

பக்கத்து மாவட்டத்தில் ஒரு வீட்டில் வண்டி இருப்பதாகக் கேள்விப்பட்டு நான் தனியே சென்றேன். ஓட்டியவர் இறந்துவிட்டார், மகள் விற்றார். வாசலில் காலணிகள் ஒழுங்காக இருந்தன. வண்டியும் ஒழுங்காக இருந்தது. பெட்ரோல் தொட்டியின் மூடியருகே ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள் இருந்தது. எண்ணெய் கலந்த பெட்ரோல் மட்டுமே ஊற்றவும் என்பது அதன் பொருள். ஓரங்கள் கறுத்துப் பார்வைக்கு நன்றாக இல்லை. ஒகிமுராவால் படிக்க முடியாத மொழியில் வேறு இருந்தது. வெந்நீரில் நனைத்த துணியை வைத்து, பொறுமையாக உரித்தெடுத்தேன். பசையின் தடம் எஞ்சியிருந்ததைக் கண்டுபிடித்தவர் நீங்கள். உங்கள் தொழில் திறமையைப் பாராட்டுகிறேன்.

முதல் தொட்டிக்கு நானே சரியான அளவில் எண்ணெய் கலந்து நிரப்பி ஒப்படைத்தேன். அதில் எந்தக் குறையும் காண முடியாது.

சங்கத்தின் இலையுதிர்கால வண்டி ஓட்டத்துக்கு முன் தலைவர் மற்றொருவரோடு சென்று சாலையைப் பார்வையிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம்; புதிய தலைவர் என்னை அழைத்தார். புயல் ஓய்ந்து வெயில் அடித்த காலையில் புறப்பட்டோம். மலையடிவாரத்துப் பெட்ரோல் பங்கில் அவர் நிறுத்தினார். தொட்டி ஏறக்குறைய வறண்டிருந்தது. பங்கை நடத்தும் சோனோபே அம்மாள் துணியில் கை துடைத்தபடி வந்தார்.

“யாருடா இது, புது மாப்பிள்ள மாதிரி? வண்டி வெளிநாட்டுதா?”

“வண்டி மட்டுந்தாங்க்கா வெளிநாடு. ஓட்டுறவன் அதே பழைய சரக்கு. வழிய வழிய ஊத்துங்க.”

“தலைவரு கூட வராரு, கொஞ்சம் அடங்கி ஓட்டு.”

“அவரு கூட வர்றதாலதான் அடங்காம ஓட்டப் போறேன்.”

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே வெறும் பெட்ரோலை ஊற்றினார். என் முதுகுப்பையில் ஒரு சிறு டப்பா எண்ணெய் இருந்தது. அதைக் கலந்திருந்தால் போதுமானது. பையின் வார் தளர்ந்திருப்பது போலிருந்தது, இறுக்கிக்கொண்டேன்.

தலைவர் முன்னால் செல்வார். ஆகவே அவர் முன்னால் சென்றார். ஏற்றத்தின் தொடக்கத்தில் அவர் வண்டிக்குப் பின்னால் நீலப் புகை ஓர் இழையாக வந்தது. பின்னர் அந்த இழையும் மெலிந்து மறைந்தது. கணவாயில் நிறுத்தி, அவர் மனைவி கட்டிக் கொடுத்த சோற்றுருண்டைகளை உண்டோம். உப்பிட்ட பிளம்பழம் வைத்த உருண்டையை எனக்கென்று தனியே எடுத்து வைத்திருந்தார்.

“கவனிச்சீங்களா தலைவரே? புகையே இல்ல. நம்ம வண்டிங்கல்லாம் கொசு மருந்து அடிக்கிற மாதிரி போகும். இது எவ்வளவு சுத்தமா போகுது பாருங்க.”

“ஆமா. நல்ல வண்டி.”

“ஆனா ஏறும்போது உள்ளுக்குள்ள கிணிகிணின்னு ஒரு சத்தம்.”

“உனக்குப் புதுசு இல்லையா. உன்னோட பழகணும்.”

இனி நான் சொல்வதை நீங்கள் கேட்கவில்லை, கேட்காமலே சொல்கிறேன். டூ-ஸ்ட்ரோக் வண்டியில் மலை இறங்கும்போது ஒரு விரல் எப்போதும் கிளட்ச்சின் மேல் கிடக்க வேண்டும். பிஸ்டன் பிடித்துக்கொண்டால் அந்த ஒரு விரல்தான் பின்சக்கரத்தை விடுவித்து ஆளைக் காப்பாற்றும். சங்கத்தில் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளிலேயே நான் கற்பிப்பது அது. ஒகிமுராவுக்கும் நானே கற்பித்தேன். அவர் மறக்காமல் கடைப்பிடித்த ஒரே பாடம் அதுவாக இருந்தது.

கணவாயிலிருந்து புறப்படும் முன் அவரிடம், “இந்த வண்டி இறக்கத்துல ஹேண்டில உதறும். விரல் எல்லாம் கைப்பிடியிலேயே இருக்கட்டும்” என்றேன்.

“எல்லா விரலுமா?”

“எல்லா விரலும்.”

அவர் கையுறைக்குள் ஒவ்வொரு விரலாக மடக்கிக் கைப்பிடியைப் பற்றி, சரிதானா என்பது போல என்னைப் பார்த்தார். சரிதான் என்று தலையசைத்தேன்.

அருவி வளைவுக்கு முந்திய இறக்கத்தில் அவருடைய இன்ஜின் சத்தம் அறுந்தது. பின்சக்கரம் சரளையின் மேல் ஒரு கோடு கிழித்தது. கோடு சாலையின் விளிம்பில் முடிந்தது. நான் என் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். தேவதாரு மணம் வந்தது. வசந்தம் முதல் பிறர் வண்டிப் புகையைச் சுவாசித்தபடியே பின்னால் போய்க்கொண்டிருந்தவன், அன்றுதான் அந்த மணத்தை உணர்ந்தேன். சிறிது நேரம் அங்கேயே நின்றேன். பள்ளத்திலிருந்து அவர் ஒரு முறை தலைவரே என்று அழைத்தார். குரல் தெளிவாகத்தான் கேட்டது. கயிறு என்னிடம் இருந்தது. மறுமுறை அவர் அழைக்கவில்லை.

ஒகிமுராவை நான் கொன்றேன். அந்தச் சொல்லையே எழுதிக்கொள்ளுங்கள். அதைவிட மென்மையான சொல் எதையும் நான் வேண்டவில்லை.

இறுதிச் சடங்கில் இரங்கலுரை நான் ஆற்றினேன். நன்றாக அமைந்தது என்றார்கள். அவருடைய மனைவி ஒரு வெள்ளைத் துணியில் எதையோ பொதிந்து கொண்டுவந்து என் முன் குனிந்தார். “கடைசி வரைக்கும் நீங்க கூடவே இருந்தீங்க. உங்களப் பத்திப் பேசாத நாளே கிடையாது அவரு. இது உங்க கைக்கு வரணும்னுதான் நெனச்சிருப்பாரு” என்றார். துணிக்குள் சாவி இருந்தது. அதன் கழுத்துச் சங்கிலியில் ஒட்டியிருந்த மண்ணை யாரோ கழுவியிருந்தார்கள்.

இப்போது நீங்கள் கேட்கிறீர்கள்: ஓர் உயிர் போனால் சாலை மூடப்படும் என்பது உமக்குத் தெரியாதா? தெரியும். அந்த நிபந்தனையை மன்றம் விதிக்கவில்லை; நானே எழுதிக் கொடுத்தேன். அப்படியானால் சாலையைக் காக்கவே செய்தேன் என்று நீர் சொல்வது எங்ஙனம் பொருந்தும் என்று கேட்கிறீர்கள். நானும் எண்ணிப் பார்த்தேன்.

ஒன்றை மட்டும் சொல்ல முடியும். மன்றம் சாவியைத் திரும்பக் கேட்டபோது, வாயிலைப் பூட்டி அதை ஒப்படைக்க ஒரு தலைவர் வேண்டியிருந்தது. சங்கம் கூடியது. நான் எழுந்து, எனக்கு வயதாகிவிட்டது, இளையவர் எவரேனும் ஏற்றுக்கொள்ளட்டும் என்றேன்.

“அதெல்லாம் ஆகாது, நீங்களே இருங்க” என்றார்கள். ஒரே குரலில் சொன்னார்கள். கிதோவின் குரலும் அதில் இருந்தது. இம்முறை தவறாகப் புரிந்துகொண்டவர் எவரும் இல்லை. நான் மறுத்தேன், அவர்கள் வற்புறுத்தினார்கள், பிறகு சாக்கே ஊற்றப்பட்டது.