மீதித் தண்ணீர்

– ஐயோ, சில்லுன்னு இருக்கு ஆசாரியரே! ஒத்திகைக்காவது வெந்நீர் ஊத்தக் கூடாதா?

– நாளைக்குப் பட்டாபிஷேகத்துல மட்டும் யாராவது வெந்நீர் ஊத்தப் போறாங்களா? நூல்படி பச்சைத் தண்ணிதான் அரசே. இப்பவே பழகிக்குங்க.

– இன்னும் அரசன் ஆகலையே.

– நாளைக்கு இந்நேரம் ஆயிடுவீங்க. தலையைத் துடைக்காதீங்க, இன்னும் எட்டு வாட்டி ஊத்தணும். இப்போதைக்கு எல்லாமே இந்தக் கிணத்துத் தண்ணிதான். அசல் பதினேழு தண்ணியும் அந்தப் பலகைமேல வரிசையா மூடி வச்சிருக்கு.

– அந்தச் சின்னக் கிண்ணத்துல என்ன?

– வெயிலடிக்கும்போதே பெய்யுற மழை. தரையில விழறதுக்கு முன்னாடி பிடிக்கணும். மூணு வருஷமா மழையே இல்ல, அந்த ஒரு உள்ளங்கை அளவுக்கே நாய் படாத பாடு பட்டாச்சு. பக்கத்துல இருக்கறது பசு கன்னு போடும்போது உடையுற பனிக்குடத் தண்ணி.

– அதுவுமா என் தலையில?

– ஒரு சொட்டுதான். இப்படி முகத்தைச் சுளிக்காதீங்க, நாளைக்குச் சபையே பாக்கும்.

– அது போகட்டும். பதினேழுன்னீங்க. பதினாறுதானே இருக்கு?

– ஏரித் தண்ணி இன்னும் வரல. பாப்பா போயிருக்கு. நாலு நாளாச்சு, இன்னிக்குள்ள வந்துடும்.

– எந்த ஏரிக்கு?

– உங்க வம்சத்துல எல்லாருக்கும் வடக்கேரித் தண்ணிதானே அரசே.

– அங்க என் பொண்ணையா அனுப்பினீங்க?

– நான் எங்க அனுப்பினேன்? ஆள் ஏற்பாடு பண்ணியாச்சு. நான்தான் போவேன்னு ஒத்தக் கால்ல நின்னுச்சு. பிடிவாதம் யார்கிட்டேருந்து வந்ததுன்னு நான் சொல்லணுமா?

– ஒன்பது வருஷமா நான் அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கல. அந்தத் தண்ணி இல்லாம முடிக்க முடியாதா?

– முடியாது. ஓடுற தண்ணி வேகத்துக்கு. நிக்கிற தண்ணி எதுக்குன்னா, ஜனங்க உங்களை விட்டு ஓடாம நிக்கறதுக்கு. அதை விட்டுட்டா மீதி பதினாறும் வீண்.

– அது போகட்டும். எல்லாம் ஊத்தியாச்சு. அப்புறம்?

– அப்புறம்தான் விஷயமே. அடியில கொஞ்சம் மிஞ்சும். அதை உங்களுக்கு ரொம்பப் பிரியமான பிள்ளை கையில நீங்களே குடுக்கணும். யார் கைக்குப் போகுதோ, உங்களுக்கப்புறம் அவங்கதான். அப்போ ரெண்டு பேர் பேரையும் நான் சபையில சொல்லுவேன். முதல்ல தலைகீழா, அந்தப் பிள்ளைதான் உங்களைப் பெத்த மாதிரி. அப்புறம் திருத்தி நேராச் சொல்லுவேன்.

– அது ஏன் தலைகீழா?

– நூல்படி அப்படித்தான். ஏன்னு எங்கப்பாவும் கேட்டார். தாத்தா அடிக்க வந்துட்டாராம்.

– நல்லாத்தான் இருக்கு.

– உங்க பங்காளி அவர் பசங்க ரெண்டு பேரையும் முன் வரிசையிலயே உக்கார வைக்கப் போறார். நூல்ல மகன்னுதான் இருக்கு. ஆனா பாப்பா கையில குடுங்க. எவனாவது குத்தம்னு வாயைத் திறந்தா நான் பேசிக்கிறேன்.

– மிச்சத்தை வடக்கேரியிலயே கொண்டு போய் ஊத்திடுங்க.

– எதுக்கு?

– பிரியமான பிள்ளைன்னுதானே சொன்னீங்க? என் பையன் அங்கதான் இருக்கான். உசிரோட இருக்கணும்னு நூல்ல போட்டிருக்கா?

– போடல.

– அப்போ சரி.

– கோவிச்சுக்காதீங்க. எட்டு வயசுல முங்கின பிள்ளை, உடம்புகூடக் கிடைக்கல. எனக்கும் வயிறு எரியுது. ஆனா ஏரியில ஊத்தினா உங்க பங்காளிக்குப் பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி. பாப்பாவுக்கு என்ன பதில் சொல்லுவீங்க?

– அவ புரிஞ்சுக்குவா. இன்னிக்கு வரைக்கும் அவ எங்கிட்ட எதையும் கேட்டதில்ல.

– கேக்கலேன்னா வேண்டாம்னு அர்த்தமாப்பா?

– அம்மாடி! எப்போ வந்தே? என்ன இது, இடுப்பு வரைக்கும் சேறு?

– இப்பத்தான் வரேன். இந்தாங்க ஆசாரியரே, ஏரித் தண்ணி. மூணு தடவை துணியில வடிகட்டினேன், அப்பவும் கலங்கல் போகல.

– கலங்கலா? அந்த ஏரியில முகம் பாத்துத் தலை சீவலாமே பாப்பா!

– அது அப்போ.

– நான் சொன்னது உன் காதுல விழுந்துச்சாம்மா?

– விழுந்துச்சு. அந்த மீதித் தண்ணி எனக்கு வேணும்ப்பா.

– கோவமா?

– கோவம்தான். ஒன்பது வருஷமா தம்பிக்கு ஒரு தட்டு வச்சுட்டுத்தான் சாப்பிட உக்காருறீங்க. அந்தத் தட்டையே பாத்துட்டு எழுந்து போயிடுறீங்க. எதிர்ல நானும் ஒருத்தி உக்காந்துதான் சாப்பிடுறேன்.

– அவன் பாவம்மா. அவ்வளவு தண்ணிக்குள்ள தனியாக் கிடக்கான்.

– எவ்வளவு தண்ணிப்பா? கீழ்ப்படி வரைக்கும் காஞ்சு கிடக்கு. குடத்தை முக்க ஆழம் தேடி உள்ள போனேன். நடந்தேன், நடந்தேன், நடு ஏரியே வந்துடுச்சு, தண்ணி முழங்காலைத் தாண்டல. மண்டி போட்டு ரெண்டு கையாலயும் சேத்தைத் துழாவிப் பாத்தேன். அங்க யாரும் இல்லப்பா. நான்தான் இருக்கேன்.