நீளமான படம்

இந்த வாரம் மூன்று படங்கள் வந்திருந்தன. ஒன்று பேய்ப் படம், ஒன்று சிரிப்புப் படம், இன்னொன்று ராஜா கதை. வாரத்தில் ஒரு மத்தியானம் எனக்கு ஓய்வு. அன்றைக்கு எதற்குப் போவது என்று நானும் தம்பியும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்வோம். உட்கார்ந்து என்றால், நான் உட்கார்ந்திருப்பேன். அவன் படுத்திருப்பான்.

தம்பி சின்ன வயதிலேயே கல் பாலிஷ் போடும் பட்டறையில் சேர்ந்தவன். தூள் நெஞ்சில் இறங்கிவிட்டது. ஆக்சிஜன் இல்லாமல் இருக்க முடியாது, இனித் தேறாது என்றார் டாக்டர். ஆனால் இப்படியே வருஷக்கணக்கில் இருக்கலாம் என்றும் சொன்னார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார்.

நல்ல பிள்ளை ஐயா. ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. உடம்பு துடைத்துவிடும்போது, “உனக்குத்தான்க்கா கஷ்டம்” என்பான். எரிந்து விழுகிறவனாக இருந்திருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை கத்திவிட்டுத் தூங்கியிருப்பேன். அதற்கும் அவன் வழி வைக்கவில்லை.

சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறேன். நாள் முழுக்க நின்றபடியே வேலை. வீட்டுக்கு வந்தால் சிலிண்டரின் உஸ் என்ற சத்தம். அது காதில் விழாத இடம் தியேட்டர் ஒன்றுதான். அதனால் கதை எப்படியிருந்தாலும் எனக்குப் பரவாயில்லை.

நான் படத்துக்குப் போகும்போது எதிர்வீட்டுத் தையல்காரம்மா வந்து அவனோடு இருப்பார். சிலிண்டர் தீர்ந்தால் அடுத்ததை மாட்ட அவருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அன்றைக்குத் தம்பிதான் ஆரம்பித்தான்.

“பேய்ப் படம் வேணாம்க்கா, அப்புறம் நீ தூங்க மாட்டே. ராஜா படத்துக்குப் போ. மூணு மணி நேரத்துக்கு மேல ஓடுதாம். ஏசியில காலை நீட்டி உக்காந்துட்டு வா.”

“அவ்வளவு நேரம் உன்னை விட்டுட்டா?”

“நான் எங்க ஓடிடப் போறேன்?” என்று சிரித்தான்.

சிலிண்டர் முள் சிவப்பை நெருங்கிவிட்டதைக் காலையிலேயே பார்த்திருந்தேன். சிரிப்புப் படத்துக்குத் தாங்கும். ராஜா படத்துக்குத் தாங்காது. தலையணையைச் சரிசெய்தேன். தண்ணீர் புகட்டினேன். அவன் போனை அடுக்களையில் சார்ஜ் போட்டேன். முள் கண்ணில் பட்டால் வீணாகப் பயப்படுவானே என்று அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன்.

வாசலில் தையல்காரம்மா எதிரே வந்தார்.

“கிளம்பிட்டியா? இந்த ஜாக்கெட்டைக் குடுத்துட்டு வந்துடறேன்.”

“இன்னைக்கு வேணாங்க. ஊர்லேருந்து சித்தி வந்திருக்காங்க, அவங்க பாத்துக்குவாங்க.”

எங்களுக்குச் சித்தி என்று யாரும் கிடையாது.

படம் சுமார்தான். இடைவேளையில் எழுந்து வந்திருக்கலாம், வீடு நடக்கிற தூரம். பாப்கார்ன் வாங்க வரிசையில் நின்றேன். கடைசியில் ராஜா சாகும்போது பக்கத்து இருக்கைப் பெண் தேம்பினாள். எனக்கும் அழுகை வந்தது. பெயர்களெல்லாம் ஓடி முடிந்து விளக்குப் போட்ட பிறகுதான் எழுந்தேன்.

நான்தான் கொன்றேன் ஐயா. மறதி, கவனக்குறைவு என்றெல்லாம் எழுத வேண்டாம். அவன் எவ்வளவு தவித்திருக்கிறான் என்பது கட்டில் விரிப்பைப் பார்த்தாலே தெரிந்தது. விரிப்பை இழுத்துச் சரிசெய்தேன். புது சிலிண்டரை மாட்டித் திறந்துவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கதை சொன்னேன். பார்த்த படத்தை அவனுக்குச் சொல்லாமல் நான் படுத்ததே இல்லை. மற்ற நாட்களில் பாதிக் கதைக்குள் அவனுக்கு மூச்சு வாங்கும், நிறுத்திவிடுவேன். அன்றைக்குத்தான் முழுக் கதையையும் நிம்மதியாகக் கேட்டான்.