மேலே வருகிற பெயர்

கடைக்குப் பெயர் வைக்கிற விசயத்தில் எங்கள் ஆட்களுக்கு மூளை கொஞ்சம் குறைவு. சாமியின் பெயரை வைப்பார்கள், இல்லையென்றால் செத்துப்போன தகப்பனின் பெயரை வைப்பார்கள். நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கடை திறந்தபோது, பலகையில் "வலை, கயிறு, இஞ்சின் சாமான்" என்று மட்டும் எழுதுவித்தனான். கயிறு தேடி வருகிறவனுடைய வாயில் கயிறு என்ற சொல்தான் இருக்கும். என் பெயர் பாக்கியரத்தினம் என்று தெரிந்து அவனுக்கு என்ன பலன்?

நீங்கள் கொழும்பிலிருந்து வந்த சட்டத்தரணி. பேச்சைப் பதிகிற மிசினை மேசையில் வைத்திருக்கிறீர்கள். வைத்திருங்கள். போன வருசம் வந்திருந்தால் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பேன். நான் ஒருத்தரையும் நம்புகிறவன் இல்லை. இப்போது என் மகன் தவராசா கடல் தாண்டி, ஒருத்தரின் கையும் எட்டாத நாட்டில் இருக்கிறான். இனி எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை.

அவன் ஆமி முகாம்காரரோடு திரிந்தவன். சாக்குத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு சந்தியில் நிற்பான். சனம் வரிசையில் போகும். இவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ, அந்த ஆளை வாகனத்தில் ஏற்றுவார்கள். விருப்பத்தோடு போனவன் இல்லை. முதலில் அவனையும் பிடித்துக்கொண்டு போய்த்தான் ஆட்டப் பழக்கினார்கள். தலையாட்டி என்று ஊர் சொல்லும். சொல்கிற வாய்க்குப் பிள்ளை இருந்தால் தெரியும்.

ஒரு நாள் மூதூர் வள்ளம் போகிற துறையடியில், இரத்தினசிங்கம் என்ற சுமை தூக்குகிற ஆளைக் காட்டினான். அந்த நேரம் பார்த்துக் கடல் காற்று துணியைத் தூக்கிவிட்டது. பக்கத்தில் அந்த ஆளின் மனுசி கமலேஸ்வரி நின்றிருக்கிறாள். திரியாய்ப் பக்கத்துப் பொம்பிளை.

"முழு முகத்தையும் பார்த்திட்டாள், அப்பா. அவள் மற்றப் பக்கத்து இயக்கக்காரருக்கு ஒரு சொல் சொன்னாப் போதும், என்னைச் சுட்டுப் போட்டிடுவாங்கள்" என்றான். குசினிக்குள் இருந்து சொன்னான். அதற்குப் பிறகு அவன் வீட்டின் முன்பக்கம் வரவே இல்லை. சோற்றையும் அங்கேயே இருந்துதான் தின்றான். மனுசி செத்தபிறகு நான் தனியே வளர்த்த பிள்ளை.

அந்தக் காலத்தில் உங்கள் வீட்டில் யார் வந்து தங்கினாலும் பொலிசில் பெயர் பதிய வேணும். கமலேஸ்வரி பதியாமல் வீடு வீடாக மாறிக்கொண்டிருந்தாள். முகாம்காரரும் தேடிக் களைத்துப் போனார்கள். தேடிப் போனால் ஒளிகிறவள். ஆனால் அவளும் புருசனைத் தேடுகிறவள்தானே? தேடுகிற ஆள் ஒளிந்துகொண்டே தேட ஏலாது. எங்கேயோ ஓரிடத்தில் வாய் திறக்கத்தான் வேணும். அந்த இடம் என்னுடையதாக இருந்தால் போதும் என்று யோசித்தனான்.

என் கடையின் முன் அறையை ஸல்ஹா என்ற பிள்ளைக்கு வாடகைக்கு விட்டிருந்தனான். கிண்ணியாப் பிள்ளை. அதில் இன்டர்நெட் நடத்தினாள். கனடாவுக்குக் கதைக்க வருகிற சனம் வாங்கில் குந்திக் காத்துக் கிடக்கும். காணாமல் போனவர்களுக்கு ஒரு வெப்சைட் வைக்க வேணும் என்று அவளிடம் கேட்டேன்.

"ஐயாவுக்கு இந்த வயசில வெப்சைட்டா? மறுகா கலியாணத் தரகும் தொடங்கப் போறீங்களோ?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "நல்ல விசயம்தான். பேர் என்ன வைக்கிற? 'விடியலின் விழிகள்' எண்டு வைப்பமா?"

"அப்பிடி ஆரும் தேடுவினமோ?"

"தேட மாட்டாங்க."

"புருசனைப் பறிகுடுத்தவள் என்னத்தைத் தட்டுவாள்?"

கொஞ்சம் யோசித்தாள். "திருகோணமலை, காணாமல் போன ஆக்கள். இவ்வளவுதான் ஐயா. இங்கிலிசில தட்டுவாங்க. வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரங்கதான் கூடத் தேடுற."

"அப்ப அதுதான் பேர்."

அந்தச் சொற்களை அப்படியே சேர்த்து, நடுவில் கோடு போட்டு எடுத்தாள். தட்டுகிற சொல்லும் பக்கத்தின் பெயரும் ஒன்றாக இருந்தால், தேடுகிற மிசின் அதைத்தான் மேலே போடும் என்றாள். கொஞ்சக் காலத்தில் மேலேதான் வந்தது. படித்த பெடியள் வெளிநாட்டில் இருந்து நடத்திய பக்கங்கள் எல்லாம் எனக்குக் கீழே கிடந்தன.

சனம் எழுதியது. மகன், தம்பி, புருசன் என்று படங்கள் வந்தன. ஸல்ஹா வாசித்துச் சொல்லுவாள், நான் போடச் சொல்லுவேன். ஒன்றையும் தள்ளியதில்லை. மற்றவர்கள் எழுதியதை மகனிடம் வாய் திறந்து சொன்னதும் இல்லை. அதில் நான் நேர்மையான ஆள்.

கடைசியில் கனடாவிலிருந்து இராசமலர் என்ற பிள்ளை எழுதியது. அத்தான் இரத்தினசிங்கத்தின் படம். அக்கா கமலேஸ்வரி, காட்டிக் கொடுத்தவனின் முகத்தைக் கண்டவளாம். அக்காவோடு கதைக்க வேணுமென்றால் உப்புவெளியில் நல்லம்மா வீட்டில் இருக்கிறாள், வாசலில் முருங்கை நிற்கும் என்றும் எழுதியிருந்தது. தேடுகிற சனம் இப்படித்தான். உதவி செய்வான் என்று தெரிந்தால் வீட்டுக் கதவையும் சேர்த்துத் திறந்து காட்டும்.

கேள்விப்பட்டதை வைத்து ஒரு காரியம் செய்கிறவன் நான் இல்லை. சைக்கிளில் போய்ப் பார்த்தனான். வெப்சைட் நடத்துகிற ஆள் என்று சொன்னதும் கமலேஸ்வரி கதிரையைத் துடைத்துப் போட்டாள். பால் விடாத பிளேன்ரீ தந்து, நக்கிக் குடிக்கச் சீனியைக் கையில் வைத்தாள்.

"ஐயாவுக்கும் ஆரும் காணாமல் போனதோ?"

"எனக்கு ஒரு மகன்" என்றேன். அதில் பொய் இல்லை.

"அவரும் கிடைக்க வேணும்" என்றாள். பிறகு, "நான் கண்டது சின்னப் பெடியன், ஐயா. துணி விலகினவுடன அவனும் பயந்திட்டான். அவனில எனக்குக் கோவம் இல்லை. இவரை எங்க வைச்சிருக்கினம் எண்டு மட்டும் அவனைக் கேட்கவேணும். எங்க கண்டாலும் பிடிச்சுக் கேட்பன்."

நல்ல பொம்பிளை. ஆனால் நடுச் சந்தியில் என் பிள்ளையின் சட்டையைப் பிடித்துக் கேட்டால், பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள் அவளைப் போல நல்லவர்களாக இருப்பார்களோ? தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன்.

மகனிடம் அடையாளம் மட்டும் சொன்னனான். உப்புவெளி, நல்லம்மா வீடு, முருங்கை. அதற்கு மேலே ஒரு சொல் சொல்லவில்லை. அவன் முகாமுக்குப் போனான். விடியற்காலை வாகனம் போயிருக்கிறது.

ஓம், கமலேஸ்வரியைக் காட்டிக் கொடுத்தவன் நான்தான். இதைத்தானே கேட்க வந்தனீங்கள்? எழுதிக்கொள்ளுங்கள். என் இடத்தில் இருந்தால் நீங்களும் கொடுத்திருப்பீர்கள். சட்டம் படித்தபடியால் அந்தச் செய்கைக்கு வேறு பெயர் சொல்லியிருப்பீர்கள், அவ்வளவுதான்.

அடுத்த கிழமை இராசமலர் திரும்பவும் எழுதியது. இந்த முறை அக்காவின் படம். வாசிக்கும்போது ஸல்ஹா அழுதாள். "இந்தச் சனத்துக்கு உங்களை விட்டா ஆரு ஐயா?" என்றாள். அந்தப் படத்தை எல்லாருக்கும் மேலே போடச் சொன்னேன்.

மகன் போன பிறகு அந்தப் பக்கத்தை மூடியிருக்கலாம். மூடவில்லை. இராசமலர் இன்றைக்கும் எழுதுகிறது, ஏதும் செய்தி கிடைத்ததோ என்று. பொறுமையாக இரு பிள்ளை, தேடிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று ஸல்ஹாவைக் கொண்டு எழுதுவிக்கிறேன். அந்தப் பிள்ளையின் ஒரு கடிதத்துக்கும் நான் பதில் போடாமல் விட்டதில்லை.