பூசானுக்கு ஓர் இலவச அழைப்பு

— முத்திரையை எடுங்க யோங்குன் அம்மா, கையெழுத்துக்குப் பதிலா அதைக் குத்தினாப் போதும். மிச்சத்தை நானே எழுதிக்கறேன்.

— கையெல்லாம் கணவாய் மை, ஓக்கி. இந்தக் கூடையை ஆய்ஞ்சு முடிச்சிடறேன், இரு.

— காலைல இருந்து இருந்தாச்சு! சோக்சோ துறைமுகத் தெருவே குத்திக் குடுத்தாச்சு, நீங்க ஒருத்தர்தான் பாக்கி. கேளுங்களேன், இத்தனை வருஷமா வெளியூருக்குப் போன் பேச ஒரே கம்பெனி, அவன் வச்சதுதான் விலை. இப்ப எங்க புதுக் கம்பெனியும் வந்தாச்சு. எந்தக் கம்பெனி வேணும்னு நீங்களே சொல்லலாம்னு வீட்டுக்கு வீடு சீட்டே வந்திருக்கு.

— போன் இன்னும் என் வீட்டுக்காரர் பேர்லதான் கிடக்கு. அவரோட மர முத்திரையைத்தான் தேடணும்.

— தேடுங்க. அவர் இருந்திருந்தா முதல் ஆளா குத்தியிருப்பாரு.

— கிடக்கட்டும். மலிவு எனக்கு எதுக்குடி? நான் யார்கிட்டப் பேசறேன்?

— நல்லாருக்கே! பூசான்ல மகன் இல்ல? ‘வெளியூர் கால் விலை ஜாஸ்தி, அதான் என் பையன் பேசறதில்ல’ன்னு மூணு வருஷமா எங்க எல்லார்கிட்டயும் சொன்னது யாரு?

— நான்தான்.

— அந்தக் கவலை விட்டுச்சுன்னு வச்சுக்குங்க! இந்த வாரம் பேசற முதல் கால் இலவசம். நானே போட்டுத் தரேன், நம்பர் சொல்லுங்க.

— வேணாம் ஓக்கி.

— என்ன வேணாம்? வியாழக்கிழமை அவங்கப்பாவோட நினைவுநாள் படையல் வருதில்ல? வாடான்னு கூப்பிடுங்க. ஒரே பிள்ளை, அவர் வராம மதுக் கிண்ணத்தை யாரு வைக்கறது?

— போன வருஷமும் நான்தான் வச்சேன். அந்தப் புயல் காத்துல அப்பாவைக் கடலுக்கு அனுப்பிச் சாகடிச்சதே நான்தான்னு சொல்லிட்டுப் போனவன்டி அவன்.

— கோவத்துல ஆயிரம் சொல்வாங்க. இதோ, நம்பர் சுவத்துலயே எழுதி வச்சிருக்கீங்களே! முன்னாடி எங்க கம்பெனியோட மூணு எண் சேர்க்கணும், அவ்வளவுதான்... மணி அடிக்குது, இந்தாங்க!

— ஐயோ, கை ஈரம்டி...

— காதுகிட்ட நான் பிடிக்கறேன். பேசுங்க.

— யோங்குனா? அம்மாடா... ஒண்ணும் ஆகல, சும்மாதான். சாப்டியா?... இங்க நல்ல வெயிலு, கணவாய் சீக்கிரம் காயுது... இல்லப்பா, வியாழக்கிழமை அப்பாவுக்கு... ம்... ம், ஆமா... சரிப்பா. வச்சிடறேன்.

— அதுக்குள்ளயா? வர்றாராமா?

— கேக்க விடல. ‘வெளியூர் கால்மா, உனக்குத்தான் காசு ஏறும், வச்சிடு’ன்னான்.

— அட, இலவசம்னு சொல்ல வேண்டியதுதானே! இருங்க, திரும்பப் போடறேன். இனிமே மலிவுதான், எவ்வளவு நேரம் வேணா பேசலாம்னு நானே சொல்றேன் அவர்கிட்ட...

— சொல்லிடாதே! வை அதை, வைன்னா வை!

— ஏன், என்னாச்சு உங்களுக்கு?

— என்மேல கோவம்னு சொல்லல பாத்தியா? காசுன்னுதான் சொன்னான். சீட்டை எடுத்துக்கிட்டுப் போயிடு ஓக்கி. காசைச் சொல்ல வழியில்லாமப் போச்சுன்னா, அடுத்த தடவை அவன் நிஜத்தைச் சொல்லிடுவான்.