கடைசிப் பேர்

— உக்காரேன்க்கா. நீ நடக்கிற நடையில என் ஜெராக்ஸ் கடைத் தரையே தேஞ்சுடும் போல.

— நீ தேடு. கிடைச்சாரா, இல்லையா?

— இரு. அந்த நாட்டுல வந்து இறங்கினவங்க பதிவு மொத்தத்தையும் ஆன்லைன்ல போட்டிருக்காங்க. அப்பா மட்டுமா போனாரு? பாதி உலகமே போயிருக்கு.

— உலகம் எனக்கெதுக்கு? அப்பா உயிரோட இருக்காரா, அது தெரிஞ்சா போதும்.

— செத்துட்டார்னு நீதானே சொல்லிட்டிருந்தே?

— வாய்தான் சொல்லுது. வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா இன்னும் எட்டிப் பார்க்கிறேனே. இருந்திருந்தா என்னைத் தேடி வந்திருப்பாருடா. வேலை விட்டு வந்ததும் முதல் வார்த்தை, 'தும்பி எங்கே?' என் நிஜப் பேரே அவருக்கு மறந்துபோச்சுன்னு அம்மா கிண்டல் பண்ணுவாங்க.

— எனக்கு அதுவும் இல்ல. நான் அப்போ அம்மா வயித்துல. என் மூஞ்சியைப் பார்க்கப் பயந்துதான் ஓடினாரோ என்னவோ.

— வாயை மூடிக்கிட்டுத் தேடுடா.

— அப்பா பேரைப் போட்டாச்சு. ஒரே ஒரு ஆள்தான் வருது, அதுவும் பொம்பளை. பேரு என்ன தெரியுமா? தம்பியாம்! பொண்ணுக்குப் போய் யாராவது தம்பின்னு வைப்பாங்களா?

— விளையாடாதே. அப்பா பேரை எந்தக் கட்டத்துல போட்டே?

— கடைசிப் பேர்ல.

— அட மக்கு! நமக்கெல்லாம் ஏதுடா குடும்பப் பேரு? பாஸ்போர்ட்ல கடைசிப் பேர்னு அவங்கவங்க அப்பா பேரைத்தானே போடுவாங்க. உனக்கும் எனக்கும்தான் அவர் பேரு அங்க வரும். அவருக்குத் தாத்தா பேரு வரும். மாத்திப் போடு.

— அட, ஆமால்ல. இரு... தாத்தா பேருக்கு எத்தனை ஹெச்சு? போட்டுப் பார்ப்போம்... அக்கா.

— என்னடா?

— முதல்ல உக்காரு.

— சொல்லித் தொலைடா.

— அவரேதான். பிறந்த ஊரு, தேதி, எல்லாம் சரியா இருக்கு. போன வருஷம்கூட எங்கேயோ போயிட்டுத் திரும்ப வந்து இறங்கியிருக்காரு.

— போன வருஷமா? உயிரோடயா?

— பின்னே, செத்தவரை வரிசையில நிறுத்தியா முத்திரை குத்துவாங்க? இருக்காருக்கா. அழாதே, கடைக்கு ஆள் வந்து நிக்கறாங்க.

— நிக்கட்டும். விலாசம் இருக்கா? நான் உடனே எழுதறேன். என்னை மறந்திருக்க மாட்டாருடா.

— இருக்கு. ஆனா இந்த விலாசத்தை இப்பத்தான் எங்கேயோ பார்த்தேனே.

— எங்கே?

— முதல்ல தேடினப்போ வந்துச்சே, அந்தத் தம்பி. அவளுக்கும் இதே தெரு, இதே கதவு எண். என்னைவிட ரெண்டு வயசு சின்னவ.

— அவளோட கடைசிப் பேரு?

— அப்பா பேருதான். அதைப் போட்டுத்தானே அவ வந்தா.

— அவ முதல் பேரை எழுத்துக்கூட்டிப் படி.

— டி, ஹெச், யூ...

— யூவா? நல்லாப் பாரு. ஏ இல்லையே?

— யூதான்க்கா. ஏன்?

— அப்போ அது தம்பி இல்லடா. தும்பி.