தாலியை யார் கையில் கொடுப்பது

"ஆடுற பல்லு ஏதும் இருக்காம்மா?"

அக்காள்மடத்தில் ராமநாதபுரம் பேருந்தில் ஏறி, எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்த தாயும் மகளும் பேசிக்கொண்டு வந்தார்கள். மகள் மயக்க மருந்து மேற்படிப்பு படிக்கும் டாக்டர். மடியில் தடித்த புத்தகம் இருந்தது.

"என்னடி, சந்தையில மாடு பாக்குற மாதிரி கேக்குற?"

"மயக்கம் குடுக்க முன்னாடி எல்லாருட்டயும் கேக்கணும். பரீட்சையில வரும்."

"வியாழக்கெழம பரீட்ச ஒனக்கு. அன்னைக்கே பித்தப்பை ஆபரேசன் எனக்கு. நல்ல பொருத்தம்."

"நகையெல்லாம் கழட்டணும். தாலியும்தான்."

அம்மா கழுத்துச் சிலுவைத் தாலியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்க அய்யா கடல்ல இருக்கையில கழட்ட மாட்டேன். நீ பரீட்சையில கழட்டணும்னே எழுது, இல்லாட்டி மார்க்கு போயிரும்."

"நான் எழுதவே போகல. அய்யா ஆஸ்பத்திரி வாசல மிதிக்க மாட்டாக. ஒங்கூட யாரு இருக்கா? அடுத்த தடவ எழுதிக்கிறேன்."

பாம்பன் பாலத்தில் பேருந்து ஏறியபோது அம்மா கைபேசியை எடுத்தார்.

"ஏங்க, வியாழக்கெழம கடலுக்குப் போகாதீக. ஆஸ்பத்திரிக்கு வாங்க. பயமா இருந்தா உள்ள வர வேணாம், வாசல்ல நில்லுங்க. தாலியக் கழட்டி ஒங்க கையிலதான் குடுப்பேன். புள்ள பரீட்ச எழுதணும்."

கைபேசியை மடியில் வைத்தார்.

"அய்யா என்ன சொன்னாக?"

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. 'வியாழக்கெழம போட்டுல கடலுக்குப் போக வேற ஆளு பாத்துக்கப்பா'ன்னு பக்கத்துல யாருட்டயோ சொன்னாக."